பாதத்தில் எலும்பு முறிந்தால்: வலி நின்றதும் வயலில் இறங்காதீர்கள்



பயிருக்கு வரும் நோயைப் பற்றியும் மாட்டுக்கு வரும் நோயைப் பற்றியும் இந்த நிகழ்ச்சியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இன்று அந்தப் பயிரையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிற உங்கள் காலைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்லப் போகிறேன். பாதத்தில் எலும்பு முறிந்தால் என்ன செய்வது, எத்தனை நாள் பொறுப்பது, எப்போது மறுபடியும் வரப்பில் கால் வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வயல் வேலையில் பாதத்துக்கு அடிபடச் சந்தர்ப்பம் நிறைய உண்டு. மிரண்ட மாடு காலை மிதித்துவிடும். நெல் மூட்டை தோளிலிருந்து நழுவிப் பாதத்தில் விழும். கிணற்றில் மோட்டார் இறக்கும்போது கை வழுக்கும். ஈர வரப்பில் கால் பிசகி மடங்கும். தென்னை, பனை ஏறுகிறவர்கள் மேலிருந்து விழுந்தால் குதிகால் நொறுங்கும். இதில் எது நேர்ந்தாலும் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினா சரியாப் போயிடும்" என்பது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுளுக்கா, முறிவா?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52. நம் உடம்பில் உள்ள மொத்த எலும்பு 206 தான். அதாவது, நான்கில் ஒரு பங்கு பாதங்களிலேயே இருக்கிறது. குதிகால் பக்கம் கட்டையாக 7 எலும்பு, நடுப்பாதத்தில் நீளமாக 5 எலும்பு, விரல்களில் 14 எலும்பு. இத்தனை சிறு எலும்புகள் வளைவாகச் சேர்ந்துதான் உங்கள் உடம்பையும், தலையில் இருக்கிற சுமையையும் தாங்குகின்றன. அதில் ஒன்று இடம் மாறிக் கூடினாலும் பாதத்தின் வளைவு கெட்டு, நடை கெட்டுவிடும்.

கனடா நாட்டில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் எளிமையான சோதனை ஒன்றை வகுத்தார்கள். யாருக்கு எக்ஸ்ரே அவசியம் என்று முடிவு செய்ய மருத்துவர்கள் இன்றும் அதைக் கைக்கொள்கிறார்கள். நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். அடிபட்டவரால் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவிலே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா? பாதத்தின் உள் பக்கம், கணுவுக்கு முன்னால் அழுத்தினால் வலிக்கிறதா? கணுக்கால் மொழியின் பின் ஓரத்தில் வலிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இரண்டொரு நாள் கழித்து உள்ளங்காலில் நீலம் பாய்ந்திருந்தால் அது வெறும் சுளுக்காக இருக்காது. நடுப்பாதத்து மூட்டு விலகியிருக்கலாம். வெளியே பார்த்தால் சின்ன வீக்கம்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் காலம் முழுவதும் வலி.

அடி எதுவும் படாமலே கூட எலும்பில் கீறல் விழுவதுண்டு. பழக்கமில்லாதவர்கள் தொடர்ந்து பல நாள் நீண்ட தூரம் நடந்தால் நடுப்பாதத்து எலும்பில் மயிரிழை போல வெடிப்பு வரும். 1855-லேயே பிரஷ்ய நாட்டுப் படைவீரர்களின் காலில் ஒரு மருத்துவர் இதைக் கவனித்து எழுதிவைத்தார். நம் ஊரில் பாதயாத்திரை போய் வந்த பிறகு பாதத்தின் மேல்பக்கம் வீங்கி, ஓர் இடத்தில் மட்டும் விண்ணென்று வலித்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் இந்த வெடிப்பு தெரியாமல் போகலாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால், "வீண் செலவு" என்று நினைக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

காலில் மெட்டி, கொலுசு, தண்டை எது இருந்தாலும் வீக்கம் ஏறுவதற்கு முன்னே கழற்றிவிடுங்கள். பிறகு கழற்ற முடியாமல் அது சதையை இறுக்கிவிடும். அடிபட்ட காலை ஊன்ற விடாதீர்கள். ஒரு தலையணையைப் பாதத்தைச் சுற்றி வைத்து, வேட்டித் துணியால் லேசாகக் கட்டினாலே போதும். தலையணை இல்லையென்றால் தடித்த அட்டையை மடித்து வைக்கலாம். படுக்கவைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். ஐஸ் கிடைத்தால் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. உருவுவது, இழுப்பது, சுடுதண்ணீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

தோல் கிழிந்திருந்தால் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, துவைத்த துணியால் மூடுங்கள். சாணம், மண், காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். தொழுவத்து மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அறுவை செய்ய நேரிடும் என்பதால் வழியில் சோறோ காப்பியோ கொடுக்க வேண்டாம்.

மரத்திலிருந்தோ கிணற்றுக்குள்ளோ விழுந்தவருக்குக் குதிகாலில் வலி என்றால் முதுகையும் கவனியுங்கள். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். அப்படிப்பட்டவரைத் தூக்கி உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் நடுவிலே ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பலகையில் நேராகப் படுக்கவைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும்.

நாட்டுக்கட்டைப் பற்றி

திருத்தணிக்கு அப்பால் ஆந்திரத்தில் இருக்கும் புத்தூருக்கு நம் மக்கள் எலும்பு கட்டப் போவது பல தலைமுறைப் பழக்கம். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். உள்ளூரிலும் வர்மம் தெரிந்தவர்கள் கட்டுவதுண்டு. முறிந்த இடத்தை அசையாமல் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதில் சண்டை இல்லை.

ஆனால் மூன்று விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, உள்ளே எலும்பு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்காமல் கட்டக்கூடாது. கோணலாகக் கிடக்கிற எலும்பு கோணலாகவே கூடிவிடும். இரண்டு, முறிந்த இடத்தை அழுத்தி உருவக்கூடாது. மூன்று, கட்டு இறுக்கமாக இருக்கக்கூடாது. இறுக்கமான தப்பைக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, கடைசியில் காலையே எடுக்க நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே வைத்தியம் பார்த்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

மாவுக்கட்டு போட்ட பிறகு

சுண்ணாம்பு மாவு தடவிய துணியால் கட்டுப் போடும் முறையை 1852-இல் உலகுக்குச் சொன்னவர் மத்தைசன் என்ற ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர். இன்று கண்ணாடி நார்க் கட்டும், கழற்றி மாட்டும் பூட்ஸும் வந்துவிட்டன. எல்லா முறிவுக்கும் கட்டுத் தேவைப்படாது. விரலில் முறிவு என்றால் இடையிலே பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினாலே பெரும்பாலும் போதும். எலும்பு விலகியிருந்தால் கம்பியோ திருகாணியோ வைத்து அறுவை செய்ய நேரிடும். அடுத்த வீட்டுக்காரருக்குக் கட்டு இல்லையே, நமக்கு மட்டும் ஏன் என்று கேட்பதில் பொருள் இல்லை. எந்த எலும்பு, எந்த இடம் என்பதைப் பொறுத்தது அது.

மாவுக்கட்டு தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் முழுக்கக் காய இரண்டு நாள் ஆகும். அதுவரை அதன் மேல் பாரம் வைக்காதீர்கள். குளிக்கும்போது பாலிதீன் பையைச் சுற்றி மேலே கட்டி, காலை வெளியே நீட்டிக்கொண்டு குளியுங்கள். உள்ளே அரித்தால் துடைப்பக் குச்சியை விட்டுச் சொரியாதீர்கள். தோல் கிழிந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். வைக்கோல் திணித்த சாக்கை மடித்து வைத்து அதன் மேல் காலை உயர்த்திப் படுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை விரல்களை ஆட்டுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டுப் போனாலோ, மரத்துப் போனாலோ, காலைத் தூக்கி வைத்தும் மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போனாலோ, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படியே. இரத்தம் உறைந்து கட்டியாகி நெஞ்சுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது வாரம்தான் கண்டம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இதுதான்: "டாக்டரய்யா, வலி சுத்தமா விட்டுப் போச்சுங்க. நாத்து வயசாவுது, நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. கட்டைப் பிரிச்சு விட்டுடுங்க."

எலும்பு எப்படிக் கூடுகிறது என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இரத்தக்கட்டு மாறி, காது மடல் போல வளைந்து கொடுக்கிற குருத்தாகிறது. இந்தக் குருத்து இரு முனைகளையும் பிடித்துக்கொள்வதால் எலும்பு உரசுவது நிற்கிறது, வலியும் குறைகிறது. ஆனால் அது இன்னும் எலும்பு ஆகவில்லை! அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்பட மேலும் பல வாரங்கள் வேண்டும்.

புதிதாக அண்டை வெட்டி மண் அணைத்த வரப்பைப் பாருங்கள். மேலே காய்ந்து வெளுத்திருக்கும். உள்ளே இன்னும் ஈரம். அன்றைக்கே அதன் மேல் மூட்டையோடு நடந்தால் சரிந்துவிடும் அல்லவா? மூன்றாவது வாரத்துப் பாதமும் அப்படித்தான். வலி போனது எலும்பு கூடியதற்கு அடையாளம் அல்ல. இந்த நேரத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்குத்தான் எலும்பு மறுபடி விலகுகிறது, அல்லது கூடாமலே நின்றுவிடுகிறது. ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஆறு மாதமாகிறது. சிலருக்கு நொண்டல் நிரந்தரமாகிவிடுகிறது.

நாள் கணக்குத் தோராயமாகச் சொல்கிறேன். விரல் எலும்பு கூட நாலு முதல் ஆறு வாரம். நடுப்பாதத்து நீள எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம். கடுமையான வேலைக்கு மூன்று மாதம். சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பில், அடிப்பக்கத்தை ஒட்டி ஓரிடத்தில் முறிந்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைவாதலால் கூடுவது தாமதமாகும். நடனமாடும்போது தன் காலிலேயே இது முறிந்த கதையை ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1902-இல் எழுதினார். இன்றும் அந்த முறிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. குதிகால் நொறுங்கியிருந்தால் மூன்று மாதம் வரை அந்தக் காலில் பாரம் போட முடியாது. பழையபடி வேலை செய்ய ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுகூட ஆகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். கால் மரத்திருப்பதால் எலும்பு முறிந்ததே தெரியாது. வலியில்லாமல் பாதம் வீங்கி, சிவந்து, மற்ற காலைவிடச் சூடாக இருந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த நாட்களில் வேலையை எப்படிப் பார்ப்பது?

படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். குறுவையோ சம்பாவோ உங்களுக்காகக் காத்திருக்காது என்பது தெரியும். ஆகவே, கட்டுப் போட்ட அன்றே எட்டு வாரக் கணக்கு ஒன்று போடுங்கள். எந்த வேலைக்குப் பக்கத்து வயல்காரரோடு ஆள் மாற்றிக்கொள்ளலாம், எந்த வேலையை மச்சான், தம்பி பார்த்துக்கொள்வார்கள், எதைக் கூலிக்கு விடலாம் என்று எழுதுங்கள். தேவையானால் வயது குறைந்த ரகத்துக்கு மாறலாம், அல்லது ஒரு பகுதியில் உளுந்து பயறு தெளிக்கலாம். உட்கார்ந்து செய்கிற வேலையும் இருக்கிறது. விதை பொறுக்குவது, விதை நேர்த்தி செய்வது, கடலை உடைப்பது, கயிறு திரிப்பது, வரவு செலவு எழுதுவது எல்லாம் காலை நீட்டி வைத்துக்கொண்டே செய்யலாம். ஒரு போகத்தில் கொஞ்சம் குறைந்தால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். கால் அப்படியல்ல.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்பிள்ளைக்குக் கால் முறிந்தால் கயிற்றுக் கட்டிலில் போட்டு ஆறு வாரம் பார்த்துக்கொள்கிறோம். அதே முறிவு மருமகளுக்கோ மகளுக்கோ வந்தால் பத்தாம் நாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நிற்கிறாள். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், போகாதே என்று சொல்லவும் ஆள் இருந்திருக்காது. எலும்புக்கு ஆண், பெண் தெரியாது. தண்ணீர் எடுப்பதையும் மாட்டுக்குப் புல் அறுப்பதையும் அந்த ஆறு வாரத்துக்கு வேறு ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

குத்தவைத்து உட்கார முடியாது என்பதால் கழிப்பறைக்குப் போவது பெரும்பாடு. பழைய மர நாற்காலி ஒன்றில் நடுவே வட்டமாக வெட்டி, கழிப்பறைப் பீங்கான் மேல் போட்டுவிட்டால் சிரமம் தீரும்.

ஊன்றுகட்டை, உணவு

கக்கத்தில் வைக்கும் ஊன்றுகட்டையின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான் விழ வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப் போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். கட்டையின் அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சாணி மெழுகிய ஈரத் தரையில் அது வழுக்கும்.

உணவுக்கு அதிகச் செலவு வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது 120 தான். கேழ்வரகுக் கூழ், மோர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற நெத்திலி, பயறு, முட்டை இவை போதும். வெயில் நன்றாக ஏறிய பிறகு இருபது நிமிடம் கை கால் முதுகில் படும்படி உட்காருங்கள். பீடி, சிகரெட், சுருட்டு கூடவே கூடாது. புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்தால் பாதி ஓய்வு வீண்.

கட்டுப் பிரித்த பிறகு

கட்டைப் பிரித்ததும் கால் சூம்பி, தோல் உரிந்து, கணு மடங்காமல் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாயங்காலத்தில் வீங்குவதும் சில மாதம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பத்துத் தடவை அசையுங்கள். கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றிலே அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்துத் தவறாது. தரையில் துண்டை விரித்து விரல்களாலே சுருட்டி இழுங்கள்.

நடையை ஒவ்வொரு படியாகத் தொடங்க வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு சமமான களம், பிறகு சாலை, அதற்குப் பிறகு வரப்பு, கடைசியில்தான் சேறு. சேறு காலைப் பிடித்து இழுக்கும், முறுக்கும். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, "சேற்றில் இறங்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வரை இறங்காதீர்கள். ஒரு படியில் வலியோ வீக்கமோ கூடினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். தொளதொள ரப்பர் செருப்பு வேண்டாம். அடி கெட்டியான, குதிகாலைப் பிடிக்கிற செருப்பு நல்லது. பிரேக்கையும் கிளட்சையும் வலியில்லாமல் ஓங்கி மிதிக்க முடிகிற வரை டிராக்டரில் ஏற வேண்டாம்.

விவசாயப் பெருமக்களே! எக்ஸ்ரே எடுங்கள், இறுக்கக் கட்டாதீர்கள், உருவாதீர்கள், புகைக்காதீர்கள், நாள் கணக்கை மீறாதீர்கள். எலும்பைக் கூட்டுகிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். நாம் அதைக் கலைக்காமல் இருந்தால் போதும். வலி நின்ற பிறகும் பொறுத்திருக்கிற அந்த மூன்று நாலு வாரம்தான் உங்களை இன்னும் முப்பது வருஷம் வரப்பில் நடக்க வைக்கும்.